ஆப்பிரிக்காவில் புலி இல்லை: சஃபாரி கேள்வி பதில்

தான்சானியாவின் அருஷாவில் 11 வருடமாக இருக்கிறேன். சஃபாரிக்கு வரும் நம்மூர்க் குடும்பங்களைச் செரெங்கெட்டிக்கும் கோரோங்கோரோவுக்கும் கூட்டிப்போவது தொழில். விலங்குகளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். விசா, விமானம், ஓட்டல் வாடகை எல்லாம் வேறு யாரிடமாவது.

மாலதி: டிசம்பர் லீவில் வருகிறோம். வில்டபீஸ்ட் மான் கூட்டம் மாரா ஆற்றைத் தாண்டுவதைப் பார்க்க முடியுமா?

முடியாது அக்கா. அது ஜூலையிலிருந்து அக்டோபர் வரை. டிசம்பரில் கூட்டம் தெற்கே ந்டுட்டுப் பக்கம் புல்லைத் தேடி இறங்கிவிடும். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகள் மழையின் பின்னாலேயே நடக்கின்றன. பிப்ரவரிவாக்கில் கன்று போடும். விழுந்த கன்று சில நிமிடத்தில் எழுந்து தாயோடு ஓடும். என்னைக் கேட்டால் ஆற்றைவிட இதுதான் காட்சி. ஆற்றங்கரையில் மூன்று மணி நேரம் வெயிலில் காத்திருப்போம், ஒன்று தண்ணீரில் காலை வைக்கும், மிரண்டு பின்வாங்கும், மொத்தக் கூட்டமும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு திரும்பிப் போய்விடும்.

கார்த்திக்: புலி எந்தப் பூங்காவில் அதிகம்?

எதிலும் இல்லை. ஆப்பிரிக்கக் காட்டில் புலி கிடையாது.

ஃபாத்திமா: எதற்கு அதிகம் பயப்பட வேண்டும், சிங்கத்துக்குத்தானே?

சிங்கம் நாளில் 20 மணி நேரம் வரை படுத்தே கிடக்கும். வண்டிக்குள் அடங்கி உட்கார்ந்திருக்கிற வரை உங்களைச் சட்டை செய்யாது. கதவைத் திறந்து இறங்கினால் கதை வேறு. இறங்காதீர்கள்.

நான் பயப்படுவது நீர்யானைக்கு. பகலெல்லாம் தண்ணீரில் மூக்கும் காதும் மட்டும் தெரிய மிதப்பதைப் பார்த்து "அய்யோ பாவம்" என்பார்கள். இருட்டியதும் கரையேறிப் புல் மேயும். ஒரே ராத்திரியில் 40 கிலோ வரை தின்னும். அப்போது அதற்கும் தண்ணீருக்கும் நடுவே நீங்கள் நின்றால் தீர்ந்தது. ஒன்றரை டன் உடம்பை வைத்துக்கொண்டு மனிதனைவிட வேகமாக ஓடும், கீழ்க் கோரைப்பல் அரை மீட்டர் வரை இருக்கும். ஒருமுறை கூடாரத்துக்குள் படுத்திருந்தேன். தலைமாட்டில் துணிக்கு அந்தப் பக்கம் 'பரக், பரக்' என்று புல்லைப் பிடுங்குகிற சத்தம். விடிகிற வரை ஒன்றுக்குக்கூட எழுந்து போகவில்லை. பேரில் யானை இருக்கிறதே தவிர, நெருங்கிய சொந்தம் திமிங்கலம்தான்.

செந்தில்: கறுப்பு, வெள்ளை காண்டாமிருகத்தை நிறத்தை வைத்துப் பிரிக்கலாமா?

கூடாது, இரண்டும் சாம்பல்தான். வாயைப் பாருங்கள். மேலுதடு கொக்கி மாதிரி கூராக இருந்தால் கறுப்பு, செடி கொடியைப் பறித்துத் தின்பது. வாய் அகலமாகச் சப்பையாக இருந்து தலையைத் தொங்கப்போட்டு மேய்ந்தால் வெள்ளை. கோரோங்கோரோவில் பூர்வீகமாக இருப்பது கறுப்பு. வடக்கு வெள்ளை இனத்தின் கடைசி ஆண், சூடான் என்று பெயர், 2018 மார்ச்சில் கென்யாவில் இறந்தது. மிச்சம் நஜின், ஃபாத்து என்று இரண்டு பெண்கள். தாயும் மகளும்.

பிரபு: போன மாதம் மாராவில் சிறுத்தை மான் பிடித்ததைக் கண்ணால் பார்த்தோம். பிடித்த பிறகு பத்து நிமிடம் சாப்பிடாமல் மூச்சு வாங்கியது. ஏன்?

நீங்கள் பார்த்தது சிவிங்கி தம்பி, ஆங்கிலத்தில் சீட்டா. முழு வேகத்தில் சில நூறு மீட்டர்தான் ஓடும், அதற்கே உடம்பு தளர்ந்துவிடும். அப்புறம் அவசர அவசரமாகத் தின்னும், ஒவ்வொரு வாய்க்கும் தலையைத் தூக்கிப் பார்க்கும். கழுதைப்புலி வந்தால் விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். சிறுத்தை வேறு, அது லெப்பர்ட். சிவிங்கிக்குக் கண்ணிலிருந்து வாய்வரை கறுப்புக் கோடு, உடம்பில் தனித்தனிப் பொட்டு. சிறுத்தைக்குக் கோடு இல்லை, பொட்டுகள் வளையம் வளையமாக இருக்கும்.

இளங்கோ: ஐயா, இரண்டையும் சிறுத்தை என்றுதான் ஊரில் சொல்கிறோம். எதற்கு இல்லாத பேர்?

இல்லாத பேரா? 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டு சிவிங்கி மத்தியப் பிரதேசத்தின் குனோ பூங்காவுக்கு வந்தபோது நம் பத்திரிகைகளே சிவிங்கிப்புலி என்று எழுதினவே.

இளங்கோ: அதே நாளில் சிறுத்தை என்றும் எழுதினார்கள். அப்புறம், ஒட்டகச்சிவிங்கிக்குக் கிரேக்கத்தில் 'ஒட்டகச் சிறுத்தை' என்றுதான் பேர். அந்தக் கணக்கில் சிவிங்கி என்றால் சிறுத்தை என்றே ஆகிறது!

சரி, அந்தப் பாயிண்ட் உங்களுக்கு. பேர் வைத்தவர் புள்ளியைப் பார்த்து வைத்திருக்கிறார். ஆனால் இங்கே சுவாஹிலியில் குழப்பமே இல்லை. ரேடியோவில் டிரைவர் 'சூயி' (சிறுத்தை) என்றால் மரக்கிளையைப் பார்ப்போம், 'டூமா' (சிவிங்கி) என்றால் கறையான் புற்றைப் பார்ப்போம். ஒரே பேராக இருந்தால் எந்தப் பக்கம் கழுத்தைத் திருப்புவது?

தேவி: இரண்டு பேரும் வரிக்குதிரையை விட்டுவிட்டீர்களே. சுவாஹிலியில் அது என்ன?

'புண்டா மிலியா', வரிபோட்ட கழுதை. நாம் குதிரை என்றோம், இவர்கள் கழுதை என்றார்கள். இளங்கோ, தயவுசெய்து இதில் இறங்காதீர்கள். வண்டியிலிருந்தும் இறங்காதீர்கள்.

ரமேஷ்: புலி எப்போது வெளியே வரும், காலையிலா மாலையிலா?

மேலே பாருங்கள்.

ஜெயந்தி: மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமா?

கென்யா போய்த் திரும்பினால் இந்தியாவில் சான்றிதழ் கேட்பார்கள். கிளம்புவதற்குப் பத்து நாளாவது முன்னால் போட வேண்டும். மற்றதை டாக்டரிடம் கேளுங்கள்.

தேவி: கோரோங்கோரோவில் ஒட்டகச்சிவிங்கி ஒன்றுகூட இல்லையே, ஏன்?

நல்ல கேள்வி. அது எரிமலைக் கிண்ணம், சுவர் 600 மீட்டர் செங்குத்து. அந்தக் காலை வைத்துக்கொண்டு அதில் இறங்குவது சிரமம். கீழே புல்தான் அதிகம், இது தின்கிற மரமும் குறைவு. விளிம்பில் நின்றபடி தின்றுகொண்டிருக்கும்.

கார்த்திக்: அப்போ கழுதைப்புலி? அதுவும் புலிதானே? ஆப்பிரிக்காவில் புலி இருக்கிறதே!

கழுதையும் இல்லை, புலியும் இல்லை. உறவு கீரிக்குத்தான் கிட்டம். கூட்டத்தில் பொம்பளை ராஜ்ஜியம், பெண்தான் பெரிது. திருட்டுப் பயல் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் இதே கோரோங்கோரோவில் 1960களில் விலங்கு ஆராய்ச்சியாளர் ஹான்ஸ் க்ரூக் ராத்திரி முழுக்க விழித்துப் பார்த்தபோது, வேட்டையாடியது கழுதைப்புலி, பிடுங்கித் தின்றது சிங்கம் என்பது பலமுறை தெரிந்தது.