பெங்களூரில் வாங்கிய டர்போ கார்: முதலில் ஆர்.சி., அப்புறம் வழக்கு

கேள்வி: எனக்கு வயது 31. ஊர் பள்ளத்தூர். எட்டு மாதத்துக்கு முன் பெங்களூரில் பழைய கார் டீலர் ஒருவரிடம் 2018 மாடல் செடான் வாங்கினேன். இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல் என்ஜின், விலை 21.5 லட்சம். 'ஒரே ஓனர், டாக்டர் வைத்திருந்த வண்டி, 46,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிறது' என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினார். மூன்றாம் மாதமே காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை. மதுரையில் சர்வீஸ் சென்டரில் காட்டியபோது டர்போ போய்விட்டது, 3.8 லட்சம் ஆகும் என்றார்கள். என்ஜின் கம்ப்யூட்டரில் இருப்பது கம்பெனி சாஃப்ட்வேர் இல்லை, யாரோ ரீமேப் செய்திருக்கிறார்கள் என்றும் சொன்னார்கள். 2022இலேயே இந்தக் கார் 71,000 கிலோமீட்டர் காட்டி சர்வீஸுக்கு வந்த பதிவும் இருக்கிறதாம். டீலரைக் கேட்டால் 'ரசீதைப் படியுங்கள்' என்கிறார். அதில் 'உள்ளது உள்ளபடி விற்பனை, வாரண்டி கிடையாது' என்று இருக்கிறது. ஆர்.சி. இன்னும் டாக்டர் பெயரில்தான் இருக்கிறது. காரைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்க முடியுமா? போலீஸுக்குப் போகலாமா? அப்பச்சி, 'பெங்களூருக்கு அலைந்து கேஸ் நடத்தப் போறியா, விட்டுத் தொலை' என்கிறார்கள்.

பதில்: ஆர்.சி. இன்னும் டாக்டர் பெயரில் இருப்பதைப் போகிற போக்கில் ஒரு வரியாக எழுதியிருக்கிறீர்கள். நான் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். தம்பி, பெயர் மாற்றும் வேலை முடியும்வரை காரை வீட்டை விட்டு வெளியே எடுக்காதீர்கள். புகைக்காகச் சொல்லவில்லை. இன்றைய நிலையில் அந்தக் காருக்கு ஏதாவது ஆனால் உங்களுக்கு ஒரு ரூபாய்கூட வராது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 157ஆம் பிரிவுப்படி, கார் கைமாறும்போது அதனோடு சேர்ந்து தானாக மாறுவது மூன்றாம் நபருக்கான இன்சூரன்ஸ் மட்டுமே. உங்கள் வண்டி ரோட்டில் போகிறவர் மேல் மோதினால் அவருக்குரிய இழப்பீடு பாலிசியிலிருந்து கிடைக்கும். உங்கள் கார் நொறுங்கினால், திருடு போனால், எரிந்தால் அதற்கான காப்பு உங்களுக்கு வந்து சேரவில்லை. வாங்கிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிப் பெயரை மாற்றியிருக்க வேண்டும். 1996இலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. எட்டு மாதமாக 21.5 லட்சம் ரூபாய்ச் சொத்தைச் சொந்தக் காப்பு இல்லாமல் ஓட்டியிருக்கிறீர்கள். பழைய பாலிசி இன்னும் நடப்பில் இருக்கிறதா என்பதையும் இன்றே பாருங்கள். காலாவதி ஆகியிருந்தால் மூன்றாம் நபர் காப்பும் இல்லை. அப்போது யாருக்காவது அடிபட்டால் இழப்பீடு உங்கள் குடும்பத்தின் தலையிலும் விழும்.

இதே விஷயம் அந்த டாக்டரின் தலைக்கு மேலும் தொங்குகிறது. சட்டத்தின் கண்ணில் ஆர்.சி.யில் பெயர் இருப்பவர்தான் உரிமையாளர். 2018இல் நவீன் குமார் – விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அந்தக் கார் பல கை மாறிப் போயிருந்தது. ஒவ்வொருவரும் 'நான் விற்றுவிட்டேன்' என்றார்கள். பதிவில் பெயர் யாருடையதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று. ஆகவே டாக்டரை எதிராளியாக நினைக்காதீர்கள். அவருக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதி நிலைமையைச் சொல்லுங்கள். பெயர் மாற்ற ஃபார்ம்களில் கையெழுத்துப் போட உங்களைவிட அவருக்குத்தான் அவசரம் அதிகமாக இருக்கும்.

அதே கடிதத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள். டீலரிடம் காரைக் கொடுத்தபோது மீட்டரில் எவ்வளவு இருந்தது? ரீமேப் செய்தது அவரா, அவரிடம் இருந்தபோது அந்த வேலை நடக்கவில்லையா? டீலருக்கு விற்றதற்கு என்ன காகிதம் இருக்கிறது? அவர் எழுத்தில் தரும் பதில்தான் இந்த வழக்கின் முதுகெலும்பு. '78,000இல் கொடுத்தேன்' என்று அவர் எழுதிவிட்டால், மீட்டர் எந்தக் கடையில் பின்னால் போனது என்பதில் சந்தேகமே இருக்காது. ஒருவேளை அவர் கையிலேயே மீட்டர் மாறியிருந்தால், டீலரும் ஏமாந்திருக்கலாம். அப்படியிருந்தாலும் உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் டீலர்தான். ஆனால் நோட்டீஸில் 'மோசடி' என்று எழுதுவதா, 'தவறான தகவல்' என்று எழுதுவதா என்பது அதைப் பொறுத்து மாறும்.

பெயர் மாற்றத்துக்கு வேண்டியவை: டாக்டர் கையெழுத்திட்ட ஃபார்ம் 29, 30, பெங்களூர் ஆர்.டி.ஓ.விடமிருந்து ஃபார்ம் 28இல் தடையில்லாச் சான்று. கடன் இருந்திருந்தால் அது தீர்ந்ததற்கு ஃபார்ம் 35. தமிழ்நாட்டில் புது நம்பர் வாங்கி ஆயுள் வரி கட்ட வேண்டியிருக்கும். கர்நாடகத்தில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கு உரியதைத் திரும்பக் கேட்க மறக்காதீர்கள், பலரும் விட்டுவிடுகிறார்கள். 1.4.2023 முதல் பழைய கார் டீலர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் பெற வேண்டும், விற்பனைக்கு வந்த வண்டியை ஃபார்ம் 29சியில் தெரிவிக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. தெரிவித்திருந்தால், விற்கும்வரை டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார். உங்கள் டீலர் அதைச் செய்தாரா என்று டாக்டரிடமே கேளுங்கள். செய்யவில்லை என்றால் அதுவும் நோட்டீஸில் ஒரு பத்தி.

சரி, இனி என்ஜின் விஷயம்.

நீங்கள் அனுப்பிய படங்களை நிதானமாகப் பார்த்தேன். ரசீதில் 46,210 என்று பேனாவில் எழுதியிருக்கிறது. பக்கத்திலேயே பிரேக் பெடல் படம். அதன் ரப்பரில் வரிகள் அழிந்து வழவழவென்று இருக்கிறது, வலது ஓரம் உலோகம் தெரிகிறது. ஸ்டீயரிங் தோல் பத்து மணி, இரண்டு மணி இடங்களில் பளபளக்கிறது. வீட்டு முகப்பில் ஆத்தங்குடிக் கல் மேல் காசு அகலத்துக்கு எண்ணெய்ச் சொட்டு. கார் வாங்கின அன்று இந்தப் பெடலைப் பார்த்திருந்தாலே மீட்டரை நம்பியிருக்க மாட்டீர்கள். உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் இதைத்தான் முதலில் பிடிப்பார். சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவுப்படி, வாங்குகிறவர் பொருளைப் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்குப் பின்னால் வந்து கேட்க முடியாது. பெடல் கண்ணுக்குத் தெரியும். என்ஜின் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ரீமேப்பும், வேறொரு சர்வீஸ் சென்டரின் பழைய பதிவும் தெரியாது. வழக்கை அந்த இரண்டின் மேல் நிறுத்துங்கள்.

டர்போ போனது என்பதை மட்டும் வைத்துப் போனால் தோற்பீர்கள். என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. அதன் தண்டைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும்தான். ரீமேப் செய்து அழுத்தத்தைக் கூட்டி, எண்ணெயை நேரத்துக்கு மாற்றாமல் ஓட்டினால் தண்டு தேய்ந்து, எண்ணெய் கசிந்து, நீலப் புகை வரத்தான் செய்யும். பழைய வேகக் காரில் அது தேய்மானம், அதை யாரும் குறைபாடு என்று ஏற்க மாட்டார்கள். நீங்கள் கேட்க வேண்டியது வேறு. 46,000 ஓடிய, மாற்றம் செய்யாத காருக்கு உரிய விலையை வாங்கிக்கொண்டு, அதைவிட எவ்வளவோ அதிகம் ஓடிய, கைவைத்த காரைக் கொடுத்துவிட்டார். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் பிரிவு 2(47) இதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது.

'உள்ளது உள்ளபடி' என்ற வரி உங்களைப் பயமுறுத்த வேண்டாம். சட்டம் பொதுவாக ஊகித்துக்கொள்ளும் உத்தரவாதங்களை அப்படி எழுதி விலக்கிக்கொள்ளலாம். தானே வாயால் சொன்னதை, வாட்ஸ்அப்பில் எழுதினதை, பொய்யென்று தெரிந்தே சொல்லியிருந்தால், அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் உண்மையை மறைத்துவைப்பதும் மோசடிதான். ஒன்றைக் கவனியுங்கள்: 'இந்த நிபந்தனையே நியாயமற்ற ஒப்பந்தம்' என்று மனுவில் எழுதிவிடாதீர்கள். நியாயமற்ற ஒப்பந்தம் பற்றிய புகாரை மாவட்ட நுகர்வோர் ஆணையம் விசாரிக்க முடியாது, மாநில ஆணையத்துக்குப் போக வேண்டியிருக்கும். வேண்டாத அலைச்சல்.

அலைச்சல் என்றதும் அப்பச்சி ஞாபகம் வருகிறது. அவர்களிடம் சொல்லுங்கள், பெங்களூருக்குப் போக வேண்டியதில்லை. 2019 சட்டத்தில் புகார் கொடுப்பவர் குடியிருக்கும் ஊருக்குரிய ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். உங்களுக்கு அது சிவகங்கை. கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் என்பதால் மாவட்ட ஆணையமே போதும். 20 லட்சத்துக்கு மேல் 50 லட்சம்வரை கட்டணம் 1,000 ரூபாய். இணையவழியிலும் மனு போடலாம். காலக்கெடு இரண்டு ஆண்டு. இன்னொரு நல்ல விஷயம், பணத்தை நீங்கள் டீலரின் நிறுவனக் கணக்குக்கு அனுப்பியிருக்கிறீர்கள், ரசீதும் நிறுவனப் பெயரில் இருக்கிறது. 'நான் வெறும் தரகர்' என்று அவர் நழுவ முடியாது. இதையே ஒரு தனிநபரிடம் நேராக வாங்கியிருந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது, சிவில் கோர்ட்தான்.

முழுப் பணமும் காரைத் திருப்பிக் கொடுத்து வாங்க முடியுமா? கஷ்டம் என்றுதான் சொல்வேன். மூன்றாம் மாதம் விஷயம் தெரிந்திருக்கிறது, அதன் பிறகும் ஐந்து மாதம் ஓட்டியிருக்கிறீர்கள். 'வேண்டாம்' என்று உடனே எழுத்தில் சொல்லியிருந்தால் வேறு கதை. இப்போது நீங்கள் நியாயமாகக் கேட்கக் கூடியது, சொன்னபடி இருந்திருந்தால் காருக்கு இருக்கும் மதிப்புக்கும் உண்மையான மதிப்புக்கும் உள்ள வித்தியாசம், பழுதுச் செலவு, மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் ஒரு தொகை. மனுவில் முழுப் பணத்தையும் முதல் கோரிக்கையாக வைத்து, இதை மாற்றுக் கோரிக்கையாக வையுங்கள்.

இப்போது நான் மன்றாடிக் கேட்பது: டர்போவை மாற்ற அவசரப்படாதீர்கள். மாற்றினாலும், கடைக்காரர் 'பழசைக் கொடுங்கள், எக்ஸ்சேஞ்சில் குறைத்துக்கொள்கிறேன்' என்பார், கொடுத்துவிடாதீர்கள். கழற்றும்போது தேதியுடன் வீடியோ எடுத்து, பழைய டர்போவைத் துணியில் சுற்றிப் பெட்டியில் போட்டு வையுங்கள். ரீமேப்பை அழித்துப் பழைய சாஃப்ட்வேர் போடவும் கூடாது, சர்வீஸ் சென்டர் கையெழுத்தும் முத்திரையும் போட்ட அறிக்கை வாங்கும்வரை. 2022ஆம் ஆண்டு சர்வீஸ் பதிவின் நகலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், செல்போனில் எடுத்த படம் போதாது. தேவைப்பட்டால் ஆணையமே காரைத் தகுந்த பரிசோதனைக்கு அனுப்பும், அதற்குச் சாட்சியம் காரிலேயே இருக்க வேண்டும். வாட்ஸ்அப் உரையாடல் இருக்கும் போனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தில் மின்னணு ஆதாரத்துக்கான 63ஆம் பிரிவுச் சான்றிதழோடு அதைத் தாக்கல் செய்யலாம்.

சாட்சியம் பத்திரமான பிறகு காரைக் கம்பெனி நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ரீமேப் செய்தவர்கள் பல சமயம் புகைக்குழாயில் நச்சுப் புகையைக் குறைக்கிற கேட்டலிட்டிக் கன்வர்ட்டரையும் எடுத்துவிடுகிறார்கள், அடியில் பார்க்கச் சொல்லுங்கள். அது இல்லாமல் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 190(2)இன்படி குற்றம், முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் லைசென்ஸ் போகும். செய்தது பழைய ஓனராக இருந்தாலும் ஓட்டிப் பிடிபடுவது நீங்கள். புது பாலிசி எடுக்கும்போதும் மாற்றத்தை மறைக்காதீர்கள். பின்னால் கிளெய்மை மறுக்க அது ஒன்றே போதும்.

மேலூர் ரோட்டில் எடுத்த ரீல்ஸ் பற்றி எழுதியிருந்தீர்கள், வேகமானி தெரிகிற மாதிரி. அதை அழித்து ஒளிக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் 'வாங்கினவர் முரட்டுத்தனமாக ஓட்டி டர்போவைக் கெடுத்தார்' என்று டீலர் சொல்லப்போவது நிச்சயம், அந்த வீடியோதான் அவர் கையில் ஆயுதம். உங்கள் வக்கீலிடம் முதல் நாளே காட்டிவிடுங்கள். வாங்கின பிறகு எண்ணெய் மாற்றின பில் இருந்தால் அதுவே பதில். காரை ஷூட்டிங்குக்கோ மாப்பிள்ளை அழைப்புக்கோ காசுக்குக் கொடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். வியாபாரத்துக்கு வாங்கியதாக வாதம் எழுந்தால் நுகர்வோர் என்ற தகுதியே போய்விடும்.

போலீஸ் புகார் இப்போது வேண்டாம். புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் ஏமாற்றுதலுக்கான 318ஆம் பிரிவு இதற்குப் பொருந்தலாம், வாட்ஸ்அப் செய்தி உங்களுக்குப் பள்ளத்தூரில் வந்து சேர்ந்ததால் இங்கேயே புகார் கொடுக்கவும் வழி இருக்கிறது. ஆனால் டீலருக்குத் தெரிந்தே நடந்தது என்பதற்கு டாக்டரின் பதில் வேண்டும். அது இல்லாமல் போனால் 'இது சிவில் தகராறு' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நகரத்தார் கல்யாணத்தில் இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வாங்குகிற வழக்கத்தில் வளர்ந்தவர்கள் நீங்கள். 21.5 லட்சத்துக்கு, '46,000, மாற்றம் எதுவும் இல்லை' என்று அந்த ரசீதிலேயே இரண்டு வரி எழுதி வாங்கியிருக்கலாம். நல்லவேளை, வாட்ஸ்அப்பில் அவரே எழுதியிருக்கிறார்.

இந்த வாரம் டாக்டருக்கான கடிதத்தைப் பெற்றதற்கான ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள், இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் பெயர் மாற்ற விண்ணப்பத்தை ரசீது நகலோடு கொடுங்கள். டாக்டரின் பதில் வந்ததும் டீலருக்கு 15 நாள் அவகாசத்தில் வக்கீல் நோட்டீஸ். இருபது நாளாகியும் டாக்டர் பதில் போடவில்லை என்றால் காத்திருக்காமல் நோட்டீஸை அனுப்பிவிடலாம், 2022 சர்வீஸ் பதிவின் நகல் கையில் இருந்தால் போதும்.