மூன்று அரியர் விழுந்தால் படிப்பை விட்டுவிடலாமா?

கேள்வி: அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்த என் மகன், 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் மெக்கானிக்கல் சேர்ந்தான். முதல் செமஸ்டரில் மூன்று அரியர். “எனக்கு இது வராது, நின்றுவிடுகிறேன்” என்கிறான். திறமை போதாதவர்கள்தானே பாதியில் நிற்கிறார்கள்?
- ஒரு வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: அப்படித்தான் பலரும் நம்புகிறார்கள். அமெரிக்காவில் எலைன் சீமோர், நான்சி ஹியூவிட் ஆகிய இருவரும், கணிதத்தில் நல்ல மதிப்பெண்ணோடு அறிவியல், பொறியியல் துறைகளில் சேர்ந்த மாணவர்களிடம் விரிவாகப் பேசி, 1997இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. விலகியவர்களுக்கும் நீடித்தவர்களுக்கும் திறமையில் பெரிய வேறுபாடு இல்லை; பாடம் நடத்தப்படும் முறையைப் பற்றி இரு தரப்பினரும் ஏறத்தாழ ஒரே குறைகளையே கூறினார்கள்.

உங்கள் மகனின் நிலையில் மொழியும் சேர்ந்துகொள்கிறது. கணிதத்தில் நேர்மாறு அணியை (inverse matrix) தமிழில் தடையின்றிக் கண்டுபிடித்த மாணவன், ஆங்கில வினாவில் என்ன கேட்கிறார்கள் என்பது பிடிபடாமல் பக்கத்தை வெறுமையாக விட்டு வருவது நம் கல்லூரிகளில் புதிதல்ல. மேலும், அவர் படிப்பது அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டம் என்றால், முதல் செமஸ்டரில் கணிதம், இயற்பியல், வேதியியல், பைத்தான் கணினி மொழி ஆகியவையே முக்கியப் பாடங்கள். பொறியியல் வரைபடமும் பட்டறைப் பயிற்சியும் இரண்டாம் செமஸ்டரில்தான் வருகின்றன. மெக்கானிக்கலைப் பார்ப்பதற்கு முன்பே அது தனக்கு வராது என்று அவர் முடிவு கட்டுகிறார்.

நீடிப்பவர்கள் எல்லாரும் விரும்பி நீடிக்கிறார்கள் என்றும் சொல்வதற்கில்லை. பட்டம் முடிக்க 14 செமஸ்டர் வரை அவகாசம் இருப்பதால், ஊர் என்ன சொல்லுமோ என்ற அச்சத்திலேயே அரியரோடு ஆண்டுகளைக் கடத்துபவர்கள் உண்டு (பெற்றோர் இதைக் கடைசியில்தான் அறிகிறார்கள்). உண்மையில் ஊன்றி நிற்பவர்களைக் கேட்டால், பழைய வினாத்தாள்களைச் சேர்ந்து போட்ட விடுதித் தோழர்களையோ, சந்தேகத்தைத் தமிழில் கேட்க அனுமதித்த ஓர் ஆசிரியரையோ பெரும்பாலும் குறிப்பிடுவார்கள்.

எனவே முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். முடிவு வெளியானபின் அதற்குச் சில நாள்களே கிடைக்கும். அதை ஒரு சீனியருடன் அமர்ந்து பார்த்தால், மதிப்பெண் போனது கணக்கிலா, வினாவைப் புரிந்துகொள்வதிலா என்பது தெரிந்துவிடும். இரண்டாம் செமஸ்டரையும் முடித்துவிட்டு, வரைபடமும் பட்டறையும் பிடிக்கவில்லை என்று அவர் சொன்னால், விலகுவதைத் தடுக்காதீர்கள். அப்போது அசல் சான்றிதழ்களைக் கல்லூரி நிறுத்திவைக்க விதிகளில் இடமில்லை. எழுத்து மூலம் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.