தறிக்குழி இருந்த இடம்

வணக்கம் சார்,

சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறேன். கொஞ்ச நாளாகச் சின்னச் சின்ன ஆயில் பெயின்டிங் செய்கிறேன். எல்லாம் எங்கள் வீட்டுக்குள் இருப்பதுதான்: முன்னறை, அடுப்படி, மாடிப்படி. பட்டுப்புடவை வருகிற அட்டைப்பெட்டியை ஆறுக்கு எட்டு அங்குலமாக வெட்டி அதிலேயே வரைகிறேன். வரைந்த அன்று நன்றாக இருக்கிறது, ஒரு வாரத்தில் வண்ணம் செத்துவிடுகிறது. வீட்டிலும் அழகாக எதுவும் இல்லை. பச்சைச் சுவர், டியூப் லைட், சோபா மேல் மடிக்காத துணி. சிவப்புத் தரையில், தாத்தாவின் தறிக்குழியை மூடி சிமென்ட் பூசிய இடம் தனித் திட்டாகத் தெரியும். “ஒழுங்கு பண்ணிட்டு வரையக் கூடாதா” என்கிறார் அம்மா. ஏற்காட்டில் தெரிந்தவர்களின் எஸ்டேட் பங்களா இருக்கிறது. அங்கே போய் வரையலாமா?

எஸ்., சேலம்

அன்புள்ள எஸ்.,

ஏற்காட்டுக்குத் தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் அழகான அறையைத் தேடிப் போகாதீர்கள், வெளிச்சத்துக்காகப் போங்கள். சுமார் 1,500 மீட்டர் உயரம். காப்பிச் செடிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களைத் தாண்டி ஜன்னலுக்கு வருகிற வெளிச்சத்தில் பச்சை கலந்திருக்கும். மூடுபனி இறங்கிவிட்டால் நிழலே விழாது. வரைகிறவர்களுக்கு அது பெரிய வசதி, வெளிச்சம் ஓடாமல் நின்று கொடுக்கும். சேலத்தில் அது நடக்காது. கிழக்குப் பார்த்த வாசல் என்றால் வெயில் திட்டு அரைமணி நேரத்தில் நகர்ந்துவிடும். உங்கள் ஆறுக்கு எட்டு அளவு அதற்குச் சரியான அளவு, ஒரு வெயிலுக்குள் முடித்துவிடலாம். முடியவில்லையா, மறுநாள் அதே நேரத்துக்கு உட்காருங்கள். காலையில் தொடங்கிய படத்தை மதியம் தொடவே வேண்டாம்.

அம்மா சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. டென்மார்க்கின் ஓவியர் வில்ஹெல்ம் ஹாமர்ஷோய் அப்படித்தான் செய்தார். கோபன்ஹேகனில் 1898 முதல் 1909 வரை குடியிருந்த வீட்டையே திரும்பத் திரும்ப வரைந்தார். பெரும்பாலும் சாமான்களைக் குறைத்துவிட்டு, சாம்பல் சுவரும் கதவும் வெளிச்சமுமாக. அருமையான படங்கள்தான். ஆனால் நம் ஊர் வீட்டை அப்படிக் காலி செய்தால் அது வாடகைக்கு விடப்போகிற வீடு மாதிரி ஆகிவிடும். எனக்குப் பிரான்ஸின் எடுவார் வூய்யார்தான் நமக்குப் பக்கத்தில் இருப்பவராகத் தெரிகிறார். அவருடைய அம்மா தையல் தொழில் செய்தவர். வீடே பட்டறை. 1890களில் வூய்யார் வரைந்தவற்றில் பல சின்ன அட்டைகள். பூப்போட்ட சுவர், பூப்போட்ட உடை, துணிக் குவியல் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று கலந்து, ஆள் எங்கே இருக்கிறார் என்று கொஞ்சம் தேட வேண்டியிருக்கும். தறி ஓடிய வீட்டில் இருக்கிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே சோபாத் துணி அப்படியே கிடக்கட்டும். ஆனால் அதைச் சட்டை, துண்டு, பாவாடை என்று ஒவ்வொன்றாக வரைய ஆரம்பித்தால் படம் போச்சு. கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள், மூன்று நான்கு திட்டுகள்தான் மிஞ்சும். அவற்றில் எது அதிகக் கருமை, எது அதற்கடுத்தது என்று மட்டும் பிடியுங்கள்.

பச்சைச் சுவருக்குப் பச்சை டியூபைப் பிதுக்காதீர்கள். வெயில் சிவப்புத் தரையில் பட்டு எழும்பும்போது சுவரின் அடிப்பகுதி பழுப்பாகிவிடும், வாசல் ஓரத்தில் வானத்தின் நீலம் கொஞ்சம் ஏறும். தறிக்குழியை மூடிய சிமென்ட் திட்டு சுவரை ஒட்டி இருந்தால், அதற்கு மேலே மட்டும் அந்தச் சிவப்பு இருக்காது. சுவர் அங்கே தன் பச்சைக்குத் திரும்பும். குறையாக நினைத்து எழுதியிருக்கிறீர்கள். நானாக இருந்தால் முதல் வேலையாக அதைத்தான் வரைவேன். அல்ட்ராமரின் நீலம், எல்லோ ஓக்கர் என்கிற மண் மஞ்சள், பர்ன்ட் அம்பர் என்கிற அடர் பழுப்பு, டைட்டானியம் வெள்ளை, ஒரு சிவப்பு. இப்போதைக்கு இவை போதும்.

டியூப் லைட்டிலும் வரையலாம். அறையும் அட்டையும் வண்ணம் குழைக்கிற பேலட்டும் ஒரே விளக்கின் கீழ் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம், வண்ணம் சாவது அட்டையின் வேலை. பூச்சு இல்லாத அட்டை எண்ணெயைக் குடித்துவிடும், மேலே வெறும் பொடிதான் நிற்கும். வூய்யாருக்கு அந்த மங்கல் பிடித்திருந்தது, அதைத் தெரிந்தே பயன்படுத்தினார். ஆனால் எண்ணெய் ஊறிய அட்டை வருடங்கள் போகப் போகப் பழுத்து நொறுங்கும். வரைவதற்கு முன் அக்ரிலிக் ஜெஸ்ஸோ என்கிற வெள்ளை அடிப்பூச்சு இரண்டு கோட், பின்பக்கமும் அடியுங்கள், வளையாது. ஏற்கெனவே மங்கியவற்றின் மேல், நன்றாகக் காய்ந்த பிறகு, லின்சீட் ஆயிலை (ஆளிவிதை எண்ணெய்) மிக மெல்லிசாகத் தேய்த்துத் துடைத்தால் நிறம் பெரும்பாலும் எழுந்து வரும். வார்னிஷுக்கு அவசரம் வேண்டாம், ஆறு மாதமாவது போகட்டும்.

துடைத்த துணியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். லின்சீட் ஆயில் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலிருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு இறுகுகிறது. அப்போது சூடு வரும். எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அந்தச் சூடு வெளியேறாமல் தானாகவே தீப்பிடிக்கலாம். பட்டும் அட்டைப்பெட்டியும் இருக்கிற வீடு, சேலத்து வெயில் வேறு. துணியை வெளியே கொடியில் விரித்துக் காயப் போடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் நிறைந்த மூடி போட்ட தகர டப்பாவில் போடுங்கள். வண்ணத்தை இளக்குகிற டர்பன்டைனும் தீப்பிடிக்கும், அதை அடுப்படிப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். பிரஷ்ஷை எண்ணெயில் அலசித் துடைத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவினாலே போதும்.