காணாமல் போன 14

கேள்வி: ஹட்டன் பக்கத் தோட்டம் ஒன்றில் இருந்து உயர்தரம் படிக்கிறேன். அமோனியம் சல்பேற்றின் மூலர்த்திணிவைக் கணக்கிட்டால் எனக்கு 118 வருகிறது. விடையில் 132 என்று இருக்கிறது. மூன்று தரம் கூட்டிப் பார்த்தும் அதே 118 தான். எங்கே பிழை?

பதில்: மகள், உங்கள் கூட்டலில் பிழை இல்லை. 132இல் இருந்து 118ஐக் கழித்துப் பாருங்கள், மிச்சம் 14. அது ஒரு நைதரசன் அணு. (NH₄)₂SO₄ என்ற சூத்திரத்தில் அமோனியம் அடைப்புக்குறிக்குள் இருக்கிறது, குறிக்கு வெளியே கீழே சின்னதாக ஒரு 2. அந்த 2ஐ நீங்கள் ஐதரசனுக்கு மட்டும் கொடுத்துவிட்டீர்கள். உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் அது சேரும்.

கூட்டுவதற்கு முன்னால் அணுக்களை எண்ணி எழுதிவிடுங்கள்: நைதரசன் 2, ஐதரசன் 8, கந்தகம் 1, ஒட்சிசன் 4. அப்புறம் சார் அணுத்திணிவால் பெருக்குங்கள். 28, 8, 32, 64. மொத்தம் 132, அலகு மூலுக்கு கிராம். எண்ணாமல் நேரே கூட்டப் போகிற பிள்ளைகள்தான் பெரும்பாலும் இப்படித் தடுக்கி விழுகிறார்கள்.

விடைத்தாள் கையில் இல்லாவிட்டாலும் சரிபார்க்கலாம். தேயிலைக்குப் போடும் அமோனியம் சல்பேற்று மூட்டையைப் பாருங்கள், நைதரசன் 21 சதவீதம் என்று இருக்கும். 28ஐ 132ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 21.2. உங்கள் கணக்கின்படி 14ஐ 118ஆல் வகுத்தால் 12கூட வராது. அங்கேயே பிழை தெரிந்துவிடும்.

இதே பிழை பளிங்கு நீரிலும் வரும், அங்கே நட்டம் இன்னும் பெரிது. நாகக் (Zn, துத்தநாகம்) குறைபாடு கண்ட தேயிலையின் இலையில் தெளிக்கும் நாக சல்பேற்றை (ZnSO₄·7H₂O) எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பளிங்கில் ஏழு நீர் மூலக்கூறுகள் உண்டு. நாகம் 65, கந்தகம் 32, ஒட்சிசன் 64, ஆக 161. நீர் 7 தரம் 18, ஆக 126. மொத்தம் 287. 191 வந்தால், குறைவது 96, அதாவது ஆறு ஒட்சிசன். 7ஐ ஐதரசனோடு நிறுத்திவிட்டீர்கள் என்று பொருள். நீரையே மறந்து 161 என்று எடுத்தால், ஆய்வுகூடத்தில் 0.1 மூலுக்கு 28.7 கிராம் நிறுக்க வேண்டிய இடத்தில் 16.1 கிராம்தான் நிறுப்பீர்கள். கரைசலில் வேண்டிய நாகத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கும்.

இன்னொன்று, குளோரீனை 35.5 என்றே எடுங்கள், 36 ஆக்க வேண்டாம். வினாத்தாளில் அணுத்திணிவு தந்திருந்தால் அதுதான் கணக்கு.

சரி, யூரியாவை நீங்களே செய்து பாருங்கள். காபன் 1, ஒட்சிசன் 1, நைதரசன் 2, ஐதரசன் 4. 60 வர வேண்டும். அதில் நைதரசனின் பங்கு 46.7 சதவீதம், யூரியா மூட்டையில் 46 என்று போட்டிருக்கும்.