‘நான் யாருன்னு சொல்லு பாப்போம்!’

(தலைக்காய மறுவாழ்வுப் பிரிவு ஒன்றில் உதவி உளவியலாளராக வேலை பார்க்கும் பாளையங்கோட்டைக்காரர் இந்த வாரம் பதில் சொல்கிறார்.)

அபிஷேகப்பட்டியில் எம்.எஸ்சி. உளவியல் முடித்திருக்கிறேன் அக்கா. உதவி உளவியலாளருக்கு நாள் முழுக்க என்ன வேலை இருக்கும்? – ஒரு வாசகி, பேட்டை

கவுன்சலிங் அறையில் உட்கார்ந்து கதை கேட்கிற வேலை என்று நினைத்து வந்துவிடாதே தங்கச்சி. தலையில் பலமாக அடிபட்டவர் கண் விழித்த பிறகும், நடப்பது எதுவும் மனதில் தங்காத ஒரு காலம் உண்டு. இட்லி சாப்பிடுவார், நம்மிடம் நன்றாகப் பேசுவார், மத்தியானம் போனால் “நீங்க யாரு?” என்பார். அது எத்தனை நாள் நீள்கிறதோ, அதை வைத்துத்தான் பின்னால் எவ்வளவு தேறுவார் என்று ஓரளவு ஊகிக்க முடியும். அதனால் காலையில் முதல் வேலை, நாள், இடம், நேற்று நடந்தது இதையெல்லாம் கேட்டுக் குறித்துவைப்பது.

அப்புறம் கவனம், ஞாபகம், திட்டமிடல் சோதனைகள். நான் சோதனை வைக்கலாம், மதிப்பெண் போடலாம். இன்ன பாதிப்பு என்று முடிவு சொல்லிக் கையெழுத்துப் போடுவது ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவு பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்தான்.

எனக்குப் பிடித்தது கடைத்தெரு வேலை. மேசைச் சோதனையில் நன்றாகச் செய்கிற சிலர் கடைக்குப் போனால் தடுமாறுகிறார்கள் என்று 1991-இல் ஷாலிஸ், பர்ஜெஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் எழுதினார்கள். நாங்கள் அதை நம் ஊருக்குத் தக்கபடி செய்கிறோம். நூறு ரூபாயும் ஒரு சீட்டும் கொடுப்போம். கால் கிலோ சின்ன வெங்காயம், ஒரு பேப்பர், தென்காசி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்து வர வேண்டும், ஒரே கடைக்கு இரண்டு தரம் போகக் கூடாது. நான் பத்தடி தள்ளிப் பின்னால் போவேன். ஒரு வியாபாரி (அடையாளம் மாற்றியிருக்கிறேன்) மேசையில் எல்லாவற்றையும் டக்டக்கென்று முடித்தவர். கடையில் வெங்காயத்தை உருட்டிப் பார்த்தார், விலை பேசினார், தக்காளி மலிவு என்று இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு “லாபம்தான்” என்று திரும்பி வந்தார். சீட்டு சட்டைப்பையில் மடித்தபடியே இருந்தது. மேசை மதிப்பெண்ணைவிட இதுதான் அவர் வீட்டாருக்குப் பயன்படும் தகவல்.

தம்பி கங்கைகொண்டான் பக்கம் பைக்கில் விழுந்துவிட்டான். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் ‘நான் யாருன்னு சொல்லு’ என்கிறார்கள். அவன் தப்புத் தப்பாகச் சொல்கிறான். இப்படிக் கேட்டுப் பழக்கினால் ஞாபகம் வருமா? – ஒரு வாசகர், வீரவநல்லூர்

வராது. ஆரஞ்சுப் பையும் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாகக் கட்டிலைச் சுற்றி நின்று பரீட்சை வைப்பது நம் ஜில்லாவில் தீராத வழக்கம். ஞாபகம் கடுமையாக அடிபட்டவரைக் குத்துமதிப்பாகச் சொல்ல வைத்தால், சொன்ன தப்பே மனதில் ஒட்டிக்கொள்ளும். அதைத் தப்பு என்று திருத்தியது மறந்துபோகும். அதனால் பதிலை முதலிலேயே கொடுத்துவிடுங்கள். “தம்பி, நான் உன் பெரிய மாமா, வீரவநல்லூரிலிருந்து வந்திருக்கேன்.” தினமும் அதே மாதிரி. ஒரு நேரத்துக்கு இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். காயம்பட்ட மூளை சத்தத்தில் சீக்கிரம் களைத்துவிடும்.

வீட்டுக்காரருக்கு அடிபட்டு ஒரு வருஷம் ஆகிறது. உடம்பு தேறிவிட்டது. ஆனால் சொல்லாவிட்டால் குளிக்கக்கூட எழுந்திருப்பதில்லை; எழுப்பினால் கோபம். மாமியார் சோம்பல் என்கிறார். – ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

சோம்பலாக இருக்காது என்றுதான் நினைக்கிறேன் மதினி. ஒரு வேலையைத் தொடங்கி வைப்பதும் கோபத்துக்குப் பிரேக் போடுவதும் மூளையின் முன்பகுதி, நெற்றிக்குப் பின்னால் இருப்பது, செய்கிற காரியம். அங்கே அடிபட்டவருக்குக் குளிக்க வேண்டும் என்பது தெரியும், எழுந்திருப்பதுதான் நடக்காது. “ஏன் இப்படி இருக்கீங்க?” என்று கேட்டால் சண்டைதான் வரும். செல்போனில் ஏழு மணிக்கு அலாரம் வையுங்கள், துண்டை நாற்காலியில் போட்டு வையுங்கள், “எழுந்திருங்க” என்று ஒரே சொல் போதும். மன அழுத்தமும் இதே போல இருக்கும் என்பதால் டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள்; டாக்டர் வாயால் கேட்டால் நம்புவார்.

சம்பளம் எப்படி? – அதே பேட்டை வாசகி

சுமார்தான். ஒரு வருஷம் வேலை பார்த்துப் பிடித்திருந்தால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக மேலே படி. ஆனால் அந்தப் படிப்புக்கும் கல்லூரிக்கும் ஆர்.சி.ஐ. அங்கீகாரம் இருக்கிறதா என்று ஆர்.சி.ஐ. இணையதளப் பட்டியலில் பார்த்துவிட்டுப் பணம் கட்டு.