இனம் குறைந்த இடத்தில் என்டிவிஐ மாறுபாடு ஏன் கூடுகிறது?

சதுரம் சதுரமாகச் செடி இனங்களை எண்ணி, செயற்கைக்கோள் படத்தின் என்டிவிஐ (செடிகளின் பசுமையைக் காட்டும் குறியீட்டு எண்) எவ்வளவு மாறுபடுகிறது என்பதோடு, அதாவது அதன் திட்டவிலக்கத்தோடு, ஒப்பிட்டிருக்கிறீர்கள்; எதிர்பார்த்ததற்கு மாறாக, இனம் குறைந்த இடத்தில் மாறுபாடு கூடுகிறது என்கிறீர்கள். உங்கள் கணக்கில் பிழை இல்லை, அளவுதான் உதைக்கிறது. செடிகளை எண்ணியது 1 மீட்டர் சதுரத்தில். சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தின் பிக்சலோ (படத்தின் ஒரு புள்ளி) பக்கத்துக்கு 10 மீட்டர். நூறு சதுரங்கள் ஒரே பிக்சலுக்குள் போய்விடும். புல்லும் பூண்டும் இருபது வகை பின்னிக் கிடந்தாலும் மேலிருந்து ஒரே பச்சைதான்.

அப்படியானால் அந்தத் திட்டவிலக்கம் எதைக் காட்டுகிறது? பெரும்பாலும் பாறையையும் வெறும் மண்ணையும். மலைச்சரிவில் மண் திட்டுத்திட்டாகத் தெரியும் இடத்தில் மாறுபாடு எகிறும், செடியோ குறைவு. நீங்கள் பார்க்கும் தலைகீழ் உறவு இதுவாக இருக்கலாம்.

சோதிக்க: என்டிவிஐ 0.4க்குக் கீழே உள்ள பிக்சல்களை மறைத்துவிட்டுக் கணக்கை மறுபடி ஓட்டுங்கள் (வெறும் மண்ணின் என்டிவிஐ குறைவு; 0.4 தோராயம்தான், உங்கள் படத்தில் மண் எங்கே நிற்கிறதென்று பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்). உறவு காணாமல் போனால் குற்றவாளி மண்தான். பிறகு, பக்கத்துப் பக்கத்துச் சதுரங்களைச் சேர்த்து மொத்த இனப் பட்டியலாக்கி, அந்தப் பரப்பின் மாறுபாட்டோடு ஒப்பிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: படம் எடுத்த நாளுக்கும் நீங்கள் எண்ணிய நாளுக்கும் நடுவே புல் அறுத்திருந்தாலோ மாடு மேய்ந்திருந்தாலோ இதெல்லாம் வீண். கைபேசி ஜிபிஎஸ்ஸும் சில மீட்டர் தள்ளிக் காட்டும், பக்கத்துப் பிக்சலில் போய் உட்கார்ந்துவிடும்.