‘ஒன்று’ எங்கே விழுகிறது?
வாசகர் கேள்வி – பதில்: உடற்பயிற்சி வகுப்புக்குப் பாட்டுத் தெரிவு

கேள்வி: பெண்களுக்கு 45 நிமிட ஏரோபிக்ஸ் வகுப்பு நடத்துகிறேன். எல்லோருக்கும் பிடித்த புதிய சினிமாப் பாட்டுகளைத்தான் போடுகிறேன். ஆனாலும் பாதிப் பாட்டில் கால் பிசகிவிடுகிறது. முன் வரிசை வலப்பக்கம் போனால் பின் வரிசை இடப்பக்கம் போகிறது. பிழை என்னிலா, பாட்டிலா?
— பயிற்சி ஆசிரியை, வெள்ளவத்தை

பதில்: பெரும்பாலும் பாட்டில்தான். ஏரோபிக்ஸ் அசைவுகள் எட்டெட்டாக எண்ணப்படுகின்றன. நான்கு எட்டு சேர்ந்த 32 எண்ணிக்கை ஒரு கட்டு. வலக்காலில் தொடங்கிய அசைவு 32 முடிந்ததும் இடக்காலுக்கு மாறும். பாட்டும் அதே 32இல் திரும்பினால் நீங்கள் வாய் திறக்காமலே வகுப்புக்கு மாற்றம் புரிந்துவிடும். சினிமாப் பாட்டு அப்படி அளந்து செய்யப்பட்டதல்ல. பல்லவி ஒழுங்காக 32இல் முடியும். பிறகு வரும் இடையிசையில் இயக்குநருக்கு ஒரு காட்சி நீள வேண்டியிருக்கும், இசையமைப்பாளர் 4 பீட் (தாள அடி) கூட்டிவிடுவார். உங்கள் வகுப்பு உடைகிற இடம் அந்த நான்கு பீட்.

இன்னொரு பொறி எடுப்பு, அதாவது பாடுபவர் பாட்டைத் தொடங்கும் இடம். பாட்டுப் படித்தவர்களுக்குத் தெரியும்: பாடுபவர் எப்போதும் சமத்தில் (தாளத்தின் முதல் அடியில்) எடுப்பதில்லை. அரை இடம் தள்ளி எடுப்பார், சில பாட்டில் தாளத்துக்கு முன்பே எடுத்துவிடுவார். குரலைக் கேட்டு ‘ஒன்று’ சொன்னால் நீங்கள் ஒரு இடத்தில் நிற்பீர்கள், டிரம்மைக் கேட்டு ஆடும் பிள்ளை வேறு இடத்தில் நிற்பாள். குரலை மறந்துவிட்டு அடியில் ஓடும் பேஸையும் (தாழ்ந்த ஒலி) டிரம்மையும் மட்டும் பிடியுங்கள். அழுத்தமான ‘டும்’ விழும் இடமே உங்கள் ஒன்று.

பாட்டைச் சோதிக்க ஒரு கொப்பியும் பேனையும் போதும். பாட்டை ஓடவிட்டு ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு கோடு போடுங்கள். நான்கு கோடு வந்ததும் வட்டமிடுங்கள். பாட்டு திரும்பும் இடத்தில் வட்டம் நிறையாமல் நின்றால் பக்கத்தில் ‘+4’, ‘+8’ என்று எழுதுங்கள். ஒரு பாட்டில் இப்படி ஒரே ஒரு இடம் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். அந்த இடத்தில் எல்லோரையும் நின்ற இடத்திலேயே மார்ச் செய்யவிட்டு, அடுத்த ‘ஒன்று’க்கு “நாலு, மூன்று, இரண்டு” என்று இறங்கி எண்ணி அழைத்துவிடுங்கள். மூன்று இடம் இருந்தால் அந்தப் பாட்டு கல்யாண வீட்டுக்கு நல்லது, வகுப்புக்கு வேண்டாம். ஓடியோ எடிட்டர் பழக்கம் இருந்தால் அந்தக் கூடுதல் 4 பீட்டை வெட்டி ஒட்டலாம். வெட்டு டிரம் அடியின் மேல் விழ வேண்டும். குரலின் நடுவே வெட்டினால் ‘டக்’ என்று கேட்கும்.

கேள்வி: எந்தப் பகுதிக்கு எந்த வேகம்? போனில் உள்ள ‘அப்’ ஒரே பாட்டை ஒரு தரம் 68 என்கிறது, இன்னொரு தரம் 136 என்கிறது. எதை நம்புவது?
— பகுதிநேரப் பயிற்றுநர், பம்பலப்பிட்டி

பதில்: இரண்டும் ஒரே வேகம்தான். ‘அப்’ ஒரு தரம் ஒவ்வொரு அடியையும், மறு தரம் ஒன்றுவிட்ட அடியையும் எண்ணியிருக்கிறது. உங்கள் கால் எதற்கு விழுகிறதோ அதுவே கணக்கு. கையால் எண்ணுவதென்றால் 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கினால் ஒரு அடி தவறினாலே விடையில் நாலு பிசகும்.

45 நிமிடத்தை நாங்கள் இப்படிப் பிரிப்போம். வோர்ம்-அப் 6, 7 நிமிடம், நிமிடத்துக்கு 115 முதல் 125 பீட். பிறகு 22 நிமிடம் போல முக்கியப் பகுதி, 130இல் தொடங்கி 140 வரை. பாயில் செய்யும் வயிறு, தொடைப் பயிற்சிகளுக்கு 120 – 128 போதும், அதற்கு மேல் போனால் தசை வேலை செய்யாது, உடம்பு ஆடும் வேகமே வேலை செய்யும். கடைசி நீட்டலுக்கு 90க்குக் கீழ், டிரம் மெல்லியதாக. 140ஐத் தாண்டிய பாட்டுகளைத் தேடி ஓட வேண்டாம். கொழும்பின் புழுக்கத்தில், மின்விசிறி மட்டும் உள்ள மண்டபத்தில், 135லேயே எல்லோருக்கும் மூச்சு வாங்கிவிடும்.

ஸ்டெப் பலகை வேறு கதை. அங்கே 118 முதல் 128 வரைதான். ஏறி இறங்க நான்கு பீட். 128இல் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.9 வினாடி கிடைக்கிறது, குதிகால் முழுதாகப் பலகையில் பதிய அது போதும். 140இல் 1.7 வினாடி. முன்பாதத்தால் மட்டும் ஏறத் தொடங்குவார்கள், குதிகால் வெளியே தொங்கும், ஒரு மாதத்தில் கெண்டைக்கால் நரம்பு இழுக்கிறது என்பார்கள்.

கணக்குக்கு வசதியான வேகமும் 128தான். 32 பீட் அங்கே சரியாக 15 வினாடி, எனவே நான்கு நிமிடப் பாட்டில் 16 கட்டு. வகுப்பை எழுதித் திட்டமிடுகிறவர்களுக்கு இது பெரிய உதவி. பிடித்த பாட்டு 124இல் இருந்தால் மென்பொருளில் வேகத்தைக் கூட்டலாம், 6 வீதம் வரை யாருக்கும் தெரியாது. பத்து வீதம் போனால் சுருதியைப் பூட்டி வைத்தாலும் டிரம் கலங்கலாகக் கேட்கும். பழைய பாட்டுகளில் இன்னொரு சிக்கல்: வாத்தியக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து வாசித்தவை என்பதால் வேகம் கொஞ்சம் கூடிக் குறையும். தொடக்கத்தில் ஒரு தரம், சரணத்தில் ஒரு தரம் அளந்து பாருங்கள்.

கேள்வி: எங்கள் வகுப்பில் தமிழ், சிங்களம், முஸ்லிம் எல்லோரும் இருக்கிறார்கள். பைலா (இலங்கையின் துள்ளல் ஆட்டப் பாட்டு) போட்டால் எல்லோர் முகமும் மலர்கிறது, ஆனால் ஜம்பிங் ஜாக் செய்ய வருவதில்லை.
— தெஹிவளை வாசகி

பதில்: வராது. பைலா 6/8 தாளம். ஒரு பெரிய அடி இரண்டாகப் பிரியாமல் மூன்றாகப் பிரிகிறது. நம் குத்துப் பாட்டுகளிலும் பாதி இந்த நடைதான். பெரிய அடிக்கு ஒரு கால் வீதம் மார்ச், பக்கவாட்டு நடை, இடுப்பசைவு எல்லாம் அழகாக உட்காரும். மூன்று சிறு அடி வைத்து நகரும் ஷஃபிள் இதற்கென்றே பிறந்தது. ஒரு அடிக்குள் இரண்டு அசைவு திணிக்கும் ஜம்பிங் ஜாக், வேகக்கால் ஓட்டம் போன்றவை மட்டும் இடறும். பைலாவை முக்கியப் பகுதியின் நடுவில் இரண்டு பாட்டு அளவுக்கு வைத்து, ஜம்பிங் ஜாக்கை நேரான நாலடிப் பாட்டுக்கு ஒதுக்கிவிடுங்கள். பாட்டு வரிகளையும் ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். உங்களுக்கு விளங்காத மொழியில் ஆபாசமாக எதுவும் ஓடுகிறதா என்று அந்த மொழிக்காரர் ஒருவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

கேள்வி: முதியோருக்குக் கதிரையில் இருந்து செய்யும் பயிற்சி. பழைய பாட்டு போட்டால் கூடவே பாடத் தொடங்கிவிடுகிறார்கள், நான் சொல்வது ஒருவருக்கும் கேட்பதில்லை.
— கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: பாடட்டும். பாட முடிகிறதென்றால் மூச்சுக்கு அதிகச் சுமை இல்லை என்பது உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் அளவுகோல். வேகம் 100 – 115க்குள் இருக்கட்டும். வயது ஏற ஏற உயர்ந்த ஒலிகள்தான் முதலில் மங்குகின்றன; ‘ச’, ‘த’, ‘ப’ போன்ற மெய்யொலிகள் இசைக்குள் மறைந்துவிடும். அவர்களுக்குக் கேட்கட்டும் என்று பாட்டையும் கூட்டிக் குரலையும் கூட்டுவதில் பயனில்லை. புதிய அசைவு சொல்லிக்கொடுக்கும்போது வாத்திய இசை மட்டும் மெல்ல ஓடட்டும், அசைவு பழகியபின் பாட்டைப் போடுங்கள். சொல்லும்போது கையாலும் காட்டுங்கள்.

கேள்வி: மூன்றாம் மாடியில் வகுப்பு. கீழ் வீட்டார் தினமும் முறைப்பாடு. சத்தத்தைக் குறைத்தால் வகுப்பில் உற்சாகம் குறைகிறது.
— வெள்ளவத்தை ஜிம் பொறுப்பாளர்

பதில்: கீழ் வீட்டுக்குப் போவது பாட்டல்ல, பேஸ். ஸ்பீக்கரை நிலத்தில் வைத்தால் தளமே ஒரு மத்தளமாகிவிடும். ஸ்டாண்டில் காது உயரத்துக்கு ஏற்றி, ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போடுங்கள். மிக்சரில் ஆகக் கீழ்ப்பகுதியை, 80 ஹேர்ட்ஸுக்குக் கீழ், குறையுங்கள். வகுப்பில் வித்தியாசம் தெரியாது, கீழே தெரியும். குதிக்கும் பகுதிக்கு மட்டும் தனியாகத் தடித்த விரிப்பு வேண்டும், அந்தச் சத்தத்தை எந்த மிக்சரும் குறைக்காது.

அளவென்றால் 85 டெசிபல். அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் எட்டு மணி நேர வேலைக்கு வைத்திருக்கும் எல்லை அது. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும்: 88க்கு நாலு மணி, 94க்கு ஒரு மணி. வந்து போகிறவருக்கு ஒரு மணி நேரம்தான். நாளுக்கு நாலு வகுப்பு எடுக்கும் உங்கள் ஆசிரியையின் காதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும், தொண்டையையும்தான். தலையில் மாட்டும் மைக் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: மாதாமாதம் பணம் கட்டிப் பாட்டு ‘அப்’ வைத்திருக்கிறேன். வகுப்பில் போடச் சட்டப்படி அது போதாதா?
— கல்கிசை வாசகர்

பதில்: போதாது. அந்தச் சந்தா தனிப்பட்ட பாவனைக்கு, நிபந்தனைகளிலேயே எழுதியிருப்பார்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பாட்டைப் பொதுவில் ஒலிக்கவிடுவது ஆக்கியோனின் உரிமைகளில் ஒன்று. கட்டணம் வாங்கும் வகுப்பு வீட்டு வரவேற்பறை ஆகாது. உடற்பயிற்சிக்கென்றே 32 பீட் கணக்கில் கோர்த்து விற்கப்படும் இசைத் தொகுப்புகளை வாங்கலாம். பொது ஒலிபரப்பு அனுமதியும் விலைக்குள் அடங்குகிறதா என்பதை வாங்கும்முன் வாசியுங்கள், எல்லாவற்றிலும் அடங்குவதில்லை.

கேள்வி: வகுப்பு நடுவில் அழைப்பு வந்து பாட்டு நின்றுவிடுகிறது.
— ஒரு வாசகி

பதில்: பாட்டுகளை முன்கூட்டியே தரவிறக்கி, போனை ஃப்ளைட் மோடில் போட்டு, புளூடூத்தை மட்டும் திரும்ப ஒன் பண்ணுங்கள். பாட்டு மாறும் இடத்தில் நாலு வினாடி கலந்து போகும் வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். இரண்டு டிரம் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் ‘ஒன்று’ தொலைந்துவிடும். மின்வெட்டுக்குப் பற்றரியில் ஓடும் சிறிய ஸ்பீக்கர் ஒன்று பையில் கிடக்கட்டும்.